நாலு பத்துக்கு எடுத்த படம்

“இந்தப் படத்தை எடுத்தவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…”

அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு இப்படிச் சொன்ன நேரம் பார்த்து, மூன்று டம்ளர் டீயோடு கொசு உள்ளே நுழைந்தான்.

அவள் நிமிர்ந்தாள். பார்வை அவன் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

“நீதானே?”

கொசு தட்டை மேஜையில் இறக்கினான். “நான்தான்க்கா. ஆனா டீ கொதிக்குது. மூஞ்சியில ஊத்தறதா இருந்தா ரெண்டு நிமிஷம் ஆறட்டும்.”

“போட்டோ எடுத்தவனையே வேலைக்கு வெச்சிருக்கீங்களா? நல்லா இருக்கு!” கைப்பையை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“உட்காருங்க” என்றார் மேடம். “மத்த இடத்துல சாட்சியைத் தேடித் தெருத்தெருவா அலையணும். இங்க சாட்சியே டீ கொண்டு வர்றான். இந்த வசதி வேற எங்கயும் கிடைக்காது.”

மேடம் இருபது வருஷம் டெலிபோன் புகார்ப் பிரிவில் குப்பை கொட்டியவர். எதிராளி எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்பதை மூச்சை வைத்தே சொல்லிவிடுவார். வேலையை விட்டபின் ஒரு சலவைக்கடையின் மாடியில் இந்தத் துப்பறியும் நிலையத்தை ஆரம்பித்தார். கொசு ஏழு வருஷமாக உதவியாளன். முப்பத்து நாலு வயது. காதருகே ஓயாமல் எதையாவது பேசிக்கொண்டே இருப்பதால் மேடம் வைத்த பேர் அது. சொந்தப் பேர் அவனுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். கல்யாணப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிற பியூட்டீஷியன். நாற்பது வயது இருக்கும். ஒரே பார்லரில் பதினோரு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால்கள், உட்கார்ந்த பிறகும் இறுக்கமாகவே இருந்தன.

“மூணு வாரத்துக்கு முன்னாடி, இவரோட தங்கச்சி கல்யாணம்” என்று கொசுவை முகவாயால் காட்டினாள்.

“பெரியப்பா பொண்ணு மேடம்” என்றான் கொசு.

“பொண்ணு கையில ஒரு பிரேஸ்லெட். இறந்துபோன அவங்கம்மாவோடது. சாயங்காலம் நாலு மணிக்கு டிரெஸ் மாத்தறதுக்காகக் கழட்டி மேஜையில வெச்சுட்டு வெளியே போயிருக்கு. நாலரைக்கு வந்து பார்த்தா காணோம். நான் மூணு மணி சுமாருக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். அதைத்தான் சொன்னேன். ஒருத்தரும் நம்பலை. காரணம் இது.”

ஒரு போட்டோவை மேஜையில் வைத்து மேடம் பக்கம் தள்ளினாள்.

படத்தில் அவள்தான். உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தபடி, கையில் அலங்காரப் பெட்டியோடு, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறாள். முகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் மணி: 4.10.

“பார்லர் ஓனரம்மாகிட்ட இதைக் காட்டியிருக்காங்க. ‘எடுத்தியோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனா நேரத்தைப் பத்திப் பொய் சொன்னே பாரு, அது போதும்’னு அன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. எங்க தெருவுல எல்லார் போன்லயும் என் மூஞ்சி இருக்கு. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது.”

கொசு டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எடுத்த தொள்ளாயிரத்துச் சொச்சம் படங்களில் உருப்படியாக வந்தது இது ஒன்றுதான்.

பேசி வைத்திருந்த போட்டோகிராபர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலை உடைத்துக்கொண்டான். வீடே கையைப் பிசைந்தபோது, “நான் எதுக்கு இருக்கேன்?” என்று மார்தட்டியவன் கொசு. மூன்று மாதம் முன்னால் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தான். அதில் ஜன்னல், பூனை, ஜன்னலில் உட்கார்ந்த பூனை எல்லாம் எடுத்துப் பழகியிருந்தான். பூனை ஒரு இடத்தில் உட்காரும். கல்யாணம் உட்காரவில்லை.

மேடம் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார்.

“பின்னாடி ஜூஸ் டம்ளரோட நிக்கறது யாரு?”

“மாப்பிள்ளை மேடம்.”

“மோதிரம் மாத்தினது எத்தனை மணிக்கு?”

“மூணரைக்கு. அந்தப் படம் மட்டும் கேக்காதீங்க. அந்த நேரத்துல நான் எந்தப் பட்டனை அமுக்கணும்னு குனிஞ்சு பார்த்துட்டிருந்தேன்.”

“மாப்பிள்ளை டம்ளர் பிடிச்சிருக்கற கை இடது கை. விரல்ல மோதிரம் இல்ல. கல்யாணம் ஆகி நாப்பது நிமிஷத்துல கழட்டிட்டாரா?”

“சில பேருக்குப் புத்தி சீக்கிரமே தெளியும் மேடம்.”

பியூட்டீஷியன் சிரிக்கவில்லை. மேடம் போனைக் கொசுவிடம் நீட்டினார். கொசு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டான். பதில் அறை முழுக்கக் கேட்டது. “கழட்டறதா? போட்டதுலேர்ந்து சோப்புப் போட்டு இழுத்தாலும் வரமாட்டேங்குது மச்சான்!”

“அப்ப ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது” என்றார் மேடம். “ஒண்ணு விரல், இல்ல கேமரா. கேமரா எங்க?”

கேமரா அலுவலக பீரோவில்தான் இருந்தது. கொசு எடுத்துக் கொடுத்தான். சொல்ல வேண்டியது ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஆறிப்போன டீயையும் விழுங்கினான்.

மேடம் சுவரைக் குறிவைத்து ஒரு படம் எடுத்தார். பின்பக்கத் திரையையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிஷம் பிசகவில்லை.

“கேமரா இன்னிக்கு உண்மை பேசுது” என்றார்.

பியூட்டீஷியனின் தோள்கள் தொய்ந்தன. கொசு வேறு பக்கம் பார்த்தான்.

“எல்லாப் படத்தையும் போடு கொசு. எடுத்தது அத்தனையும்.”

“மேடம், அதுல நல்லது ஒரு பத்து…”

“கழிச்சுக் கட்டினதை முதல்ல போடு.”

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவன் வாழ்க்கையிலேயே நீளமானது. கம்ப்யூட்டர் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தங்கச்சி ஹாலுக்குள் நுழைகிறாள்: முகம் புகை மூட்டம், பின்னால் இருந்த தூண் பளிச்சென்று. மாப்பிள்ளையின் அம்மா வாழ்த்துகிறாள்: அவளுடைய முழங்கை மட்டும். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற நேரம்: கேமரா வார். அதற்கப்புறம் கொசுவின் சொந்தச் செருப்பு, நாற்பத்தொரு தடவை.

“இது என்னது?” என்றார் மேடம்.

“தொங்கவிட்டு நடந்தப்ப பட்டன் அமுங்கிடுச்சு. செருப்பு நல்லா விழுந்திருக்கு பாருங்க.”

பியூட்டீஷியன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். “எட்டு மணி நேரம் நின்னு அந்தப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ணினேன். அதுல ஒண்ணுகூடப் படத்துல விழலை. நான் கிளம்பிப் போறது மட்டும் விழுந்திருக்கு.”

கொசு அடுத்த படத்தைத் தட்டினான்.

“நிறுத்து” என்றார் மேடம்.

திரையில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவருக்கும் தலை இல்லை. எல்லோரையும் கழுத்தோடு வெட்டியிருந்தான். நடுவில் ஒரு கருநீலக் கோட்டு, அதற்குள் அடங்காத ஒரு வயிறு.

“யார் இது?”

“எங்க பெரியப்பா. இப்படி ஒரு தொப்பைக்கு எங்க குடும்பத்துல வேற யாரும் உழைக்கல.”

“மேல் பாக்கெட்டைப் பெரிசு பண்ணு.”

பெரிதாக்கினான். கைக்குட்டை நுனிக்குப் பக்கத்தில் ஒரு தங்கச் சங்கிலித் துண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அதன் முனையில் இலை மாதிரி ஒரு சின்னத் தொங்கல்.

பியூட்டீஷியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அதுதான்! அந்த இலைதான். தலை பின்னும்போது ரெண்டு தடவை முடியில சிக்கிச்சு.”

“தலை இல்லாத படத்தை யாரும் ரெண்டாவது தடவை பார்க்கறதில்ல” என்றார் மேடம். “கோட்டு சொந்தமா, வாடகையா?”

“வாடகை.”

*

கோட்டு வாடகைக் கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, வாயில் இரண்டு குண்டூசியோடு நின்றார். கேள்வியைக் கேட்டதும் குண்டூசிகளை எடுத்துவிட்டு, அலமாரிக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார்.

“பாக்கெட்ல கிடைக்கறதை எல்லாம் இதுல போட்டு வைப்பேன். கேட்டு வந்தா குடுப்பேன்.”

டப்பாவில் பொத்தான்கள், பல்குத்திகள், ஒரு வாழ்த்துரை எழுதிய காகிதம், ஒற்றைக் காதுக் கருவி. எல்லாவற்றுக்கும் அடியில் இலைத் தொங்கலோடு பிரேஸ்லெட்.

“நேத்து அயர்ன் பண்ணும்போது கையில இடிச்சுது. மேல் பாக்கெட்ல உள்துணி கிழிசல். அது வழியா லைனிங்குக்குள்ள இறங்கி, அடிவிளிம்புல போய் உட்கார்ந்திருக்கு. போட்டிருந்தவருக்கே தெரிஞ்சிருக்காது.”

கொசுவுக்கு மூன்று வாரமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. “முடிஞ்சது மேடம்! குடுத்துட்டு வந்துட்டா கேஸ் க்ளோஸ். அந்தக்காவுக்கும் பேர் திரும்பிடும்.”

மேடம் பிரேஸ்லெட்டைக் கைக்குட்டையில் சுற்றினார். “சாமான் கிடைச்சிருக்கு. பேர் இன்னும் கிடைக்கல” என்று மட்டும் சொன்னார்.

*

பெரியப்பா வீட்டு வாசலில் பியூட்டீஷியன் நின்றுகொண்டாள். உள்ளே வரமாட்டேன் என்றாள். மேடமும் கொசுவும் மட்டும் போனார்கள்.

கூடத்தில் பெரியப்பா. பக்கத்தில் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த தங்கச்சி. பிரேஸ்லெட்டைப் பார்த்ததும் அவள் அதைப் பிடுங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எங்கே கிடைத்தது என்று மேடம் சொன்னதும், பெரியப்பாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

“நான்தான் எடுத்தேன்” என்றார், தரையைப் பார்த்து. “நாலு மணிக்கு மேல உள்ள போனேன். அநாதையாக் கிடந்துது. பத்திரமா இருக்கட்டும்னு பாக்கெட்ல போட்டேன். அப்புறம் இவ கூச்சல் போட்டப்ப பாக்கெட்டைத் தடவினேன். இல்ல. சரி, திரும்ப மேஜையிலயே வெச்சிருப்பேன், வேற யாரோ எடுத்திருக்காங்கன்னு நினைச்சேன்.”

“ஏன்ப்பா சொல்லல?” என்றாள் தங்கச்சி.

“அத்தனை பேர் முன்னாடி நான்தான் தொலைச்சேன்னு எப்படிம்மா சொல்றது?”

தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தலையை உயர்த்தினார். குரலும் உயர்ந்தது.

“சரி, அந்தப் பொம்பளை திருடல. ஒத்துக்கறேன். ஆனா மூணு மணிக்கே போயிட்டேன்னு பொய் சொன்னாளே, அது ஏன்? நாலு பத்துக்கு ரூமை விட்டு வர்றா, படம் இருக்கு. பொய் சொன்னதாலதானே இவ்வளவும்? டேய், சொல்லேன்டா. படம் எடுத்தவன் நீதானே!”

எல்லோரும் கொசுவைப் பார்த்தார்கள்.

மேடம் இதற்குள் டீப்பாயின் மேலிருந்த கல்யாண ஆல்பத்தைப் புரட்ட ஆரம்பித்திருந்தார். கொசுவே பார்த்துப் பார்த்து ஒட்டிக் கொடுத்த ஆல்பம். அறுபது படங்கள். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் புரட்டினார். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

“கொசு, கம்ப்யூட்டர்ல பார்த்த படத்துல எல்லாம் மூலையில மணி இருந்தது. ஆல்பத்துல ஒண்ணுலகூட இல்ல. எல்லாத்துலயும் வலது பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் குறையுது.” நிறுத்தினார். “தலையை வெட்டினது கேமரா. மூலையை வெட்டினது யாரு?”

மேடம் ஆல்பத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

“மாப்பிள்ளை விரல் காலையிலயே சொல்லிடுச்சு, அந்தப் படம் மூணரைக்கு முன்னாடி எடுத்ததுன்னு. அந்தம்மா சொன்ன மூணு மணியோட பார்த்தா, கேமரா அன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஓடியிருக்கு. இன்னிக்குச் சரியா ஓடுது. கடிகாரம் தானாத் திருந்தாது. ஒருத்தர் கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்கணும். எப்பத் தெரிஞ்சுது?”

கொசு ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தபடி பேசினான்.

“கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் நாள். படத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினப்ப. தங்கச்சி ஹாலுக்குள்ள வந்தது பதினோரு மணிக்கு. படத்துல பன்னெண்டு. காலையில புது பேட்டரி போட்டேன். கேமரா மணி கேட்டுது. அவசரத்துல எதையோ அமுக்கினேன்.”

“ரெண்டாம் நாளே தெரிஞ்சும் ஏன்டா…” பெரியப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

“நான் முதல்ல உங்களுக்கு அனுப்பின அந்தப் படத்தை அதுக்குள்ள நீங்க எல்லாருக்கும் அனுப்பிட்டீங்க பெரியப்பா. ‘மத்ததெல்லாம் வீணாப் போனா என்ன, இந்த ஒண்ணு போதும்டா, நீ துப்பறியற ஆளுன்னு நிரூபிச்சுட்டே’ன்னு எழுதினீங்க. அதுக்கு முந்தின நாள்தான் மோதிரம் மாத்தற படம் எங்கடான்னு எல்லாரும் என்னைக் காறித் துப்பாத குறை. மணி தப்புன்னு சொன்னா அந்த ஒரு படமும் போயிடும்.” ஆல்பத்தைத் தள்ளி வைத்தான். “அவங்களுக்கு வேலை போச்சுன்னு நாலாம் நாள் கேள்விப்பட்டேன். நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைச்சேன். தினமும் நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து மூலையை எல்லாம் வெட்டினேன்.”

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“என் கல்யாணத்துல ஒரு நல்ல படம்கூட இல்ல அண்ணா. அதுக்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லல. நீ முதல் தடவை எடுக்கறேன்னு எனக்குத் தெரியும். அவருகிட்டயும் ‘பாவம், விடுங்க’ன்னுதான் சொன்னேன்.” அவள் பிரேஸ்லெட்டைக் கையில் மாட்டவில்லை. மேஜையில் வைத்தாள். “இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொசு வாசலுக்கு வந்தான். பியூட்டீஷியன் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மேடம் இரண்டடி பின்னாலேயே நின்றுவிட்டார். இதைத் தானேதான் சொல்ல வேண்டும் என்று கொசுவுக்குப் புரிந்தது. ஒன்றுவிடாமல் சொன்னான். பேட்டரி, மணி, பெரியப்பா எழுதியது, கத்தரிக்கோல், எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முயன்றான். முடியவில்லை. அவளுடைய கைவிரல்களைத்தான் பார்க்க முடிந்தது. சாயமும் மருந்தும் பட்டு நகக்கண்கள் கறுத்திருந்தன.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று மேடத்தைக் கேட்டாள் அவள்.

“காலையில கேமராவை எடுத்துக் குடுத்தப்பவே மூச்சு மாறிச்சு. அவனாச் சொல்றானான்னு இங்க வர்ற வரைக்கும் காத்திருந்தேன். அது என் தப்பு. உங்களை அதுக்காகக் காக்க வெச்சிருக்கக் கூடாது.”

“என்னை மன்னிச்சிடுங்கக்கா” என்றான் கொசு.

“மன்னிக்கறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்” என்றாள் அவள். “இங்க வாசல்ல நின்னு என் காதுல சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத் தெரியாததா? எங்க என்னைப் பொய்க்காரின்னு சொன்னாங்களோ, அங்க வந்து சொல்லு.”

*

பார்லரில் கூட்டம். ஓனரம்மா ஒரு பெண்ணுக்குத் தலை வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி முகம் முழுக்கப் பச்சைக் களிம்போடு சாய்ந்திருந்தாள். இரண்டு பேர் பத்திரிகை புரட்டிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மூலையில் ஒரு பெரிய டிரையர் மூடிக்கு அடியில் வயதான அம்மாள் ஒருத்தி.

பியூட்டீஷியன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் கத்தரி நின்றது.

“நீ எதுக்கு இங்க…”

“நான் பேச வரல. இவர் பேசுவார்” என்று அவள் ஒதுங்கி நின்றாள்.

கொசு சுற்றிப் பார்த்தான். நாலு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனேதான் நின்றுகொண்டிருந்தான். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டான். வெட்டி விழுந்த முடி அவன் செருப்பைச் சுற்றிக் கிடந்தது.

“அந்தக் கல்யாணத்துல போட்டோ எடுத்தது நான்தான். கேமராவுல மணி தப்பா வெச்சது நான். இவங்க மூணு மணிக்கே கிளம்பிட்டாங்க. உண்மையைத்தான் சொன்னாங்க. மணி தப்புன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். தெரிஞ்சும் மறைச்சுட்டேன்.”

ஓனரம்மா கத்தரியை மேஜையில் வைத்தாள். பச்சைக் களிம்புக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூலையில் இருந்த வயதான அம்மாள் டிரையர் மூடியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

“என்ன சொல்றாரு இவரு? எனக்கு ஒண்ணும் காதுல விழலையே.”

பியூட்டீஷியன் போய் டிரையரை அணைத்தாள். பிறகு காலியாக இருந்த தன் பழைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“சத்தமாச் சொல்லு” என்றாள். “முதல்லேர்ந்து.”

கொசு தலையை நிமிர்த்தினான். முதலிலிருந்து ஆரம்பித்தான்.